வானம் கறுத்தால் வரும் வயிற்றுவலி

ஏரல் பஜாரில் வளையல் வாங்கப் போகிற பெண்களுக்கு இசக்கிச்செல்வியைத் தெரியாமல் இருக்காது. பெருமாள்ராஜ் அண்ணாச்சியின் பேன்சி ஸ்டோரில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்பவள் அவள்தான். எல்லாவற்றையும் எடுத்துக்காட்டச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடம்கூட முகம் சுளிக்க மாட்டாள். ராதாபுரத்துக்குத் தெற்கே, பனையும் உடைமரமுமாக நிற்கிற வறண்ட ஊரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஏரலுக்கு வந்த புதிதில், சாயங்காலமானால் படித்துறையில் போய் ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். "இவ்வளவு தண்ணியும் சும்மாவா போவுது?" என்று கேட்டாளாம். அவள் புருஷன் மாரிராஜ் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்வான்.

மாரிராஜ் லோடு வண்டி ஓட்டுகிறவன். அந்தப் பக்கத்து வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போய்வருவான். ஒரே பிள்ளை, பொன்னிலா. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு சண்டை, யார் டிபன் பாக்ஸில் என்ன கறி என்பதெல்லாம் சாயங்காலம் அம்மாவுக்கு ஒப்பித்தாக வேண்டும்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் பெய்த மழையை அங்கே யாரும் மறக்கவில்லை. ஆறு தெருவுக்குள் வந்தது. பொன்னிலா அப்போது மூன்றாம் வகுப்பு. வாசலில் வந்த தண்ணீர் இடுப்பளவு ஏறுவதற்குள் இசக்கிச்செல்வி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு ஆசியா உம்மாளின் மாடிக்கு ஏறிவிட்டாள். தெருவே அந்த மாடியில்தான் கிடந்தது. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. ஆசியா உம்மாள் தன் வீட்டு அரிசியை மேலே ஏற்றி எல்லோருக்கும் கஞ்சி வைத்தார்.

மாரிராஜ் புனலூருக்கு லோடு கொண்டுபோயிருந்தான். ஏரல் பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று யாரோ சொன்னது பொன்னிலாவின் காதில் விழுந்தது. "அப்பா வண்டி அந்தப் பாலத்துலதான வரும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்தபின், உடம்பெல்லாம் சேறாக மாரிராஜ் தெருமுனையில் வந்து நின்றபோது பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள்.

வீட்டைக் கழுவினார்கள். நனைந்த பாய் தலையணையைத் தூக்கி எறிந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தது, பொன்னிலா போனாள், நன்றாகவே படித்தாள். வீட்டில் யாரும் அந்த நாள்களைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பேசினால் பிள்ளைக்கு ஞாபகம் வந்துவிடும் என்று இருவரும் நினைத்தார்கள்.

மறுவருஷம் புரட்டாசி பிறந்து முதல் மேகம் திரண்ட அன்றைக்குத்தான் கடைக்குப் போன் வந்தது. வகுப்பு டீச்சர் ஃபெபி பேசினாள்.

"பொன்னிலா அம்மாவா? பிள்ளை வயிறு வலிக்குன்னு சுருண்டு படுத்திருக்கா. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

இசக்கிச்செல்வி ஓடினாள். பிள்ளையின் முகம் வெளிறிப்போயிருந்தது, கைகள் சில்லிட்டிருந்தன. வீட்டுக்குக் கூட்டிவந்து ஓமத்தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. தட்டு நிறைய சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. வானம் கறுத்தால் போன் வரும். டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஊர் சேர்மன் சாமி கோயிலில் திருநீறு வாங்கிப் பூசினாள். பயந்த கோளாறு என்று தெருவில் சொன்னார்கள். மாரிராஜுக்குக் கோபம் வந்தது.

"நடிக்கா. வீட்டுக்கு வந்த ஒடனே வலி நின்னுருதுன்னா என்ன அர்த்தம்?"

"நடிக்கிற பிள்ளைக்குக் கை ஐஸ் மாரி குளுந்து போவுமா?" என்றாள் இசக்கிச்செல்வி. அப்படியானால் வலி எதனால் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஃபெபி டீச்சர் ஒருநாள் அவளைத் தனியாக அழைத்துப் பேசினாள். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனசுக்கென்று ஒரு டாக்டர் உண்டு, ஒரு நடை போய்வாருங்கள் என்றாள். மாரிராஜ் அதைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். "எம்பிள்ளைக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

பாளையங்கோட்டையில் அவனுடைய அக்கா சண்முகவடிவு இருந்தாள். இரண்டு மகன்களும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவளும் புருஷனும்தான். தம்பி மகள்மேல் கொள்ளைப் பிரியம். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் போன் செய்தாள்.

"செல்வி, பிள்ளைய இங்கன கொண்டுவந்து விட்டுரு. இங்க ஆறு வீட்டுக்குள்ள வராது. நல்ல இங்கிலீஷ் ஸ்கூலு, வாசல்லயே வேன் வரும். நான் எம்பிள்ளை மாரி பாத்துக்கிட மாட்டேனா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மாரிராஜுக்கு அது சாமி வந்து வழி சொன்னது போலிருந்தது. இசக்கிச்செல்விக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாம் பிடித்து வைத்துக்கொண்டு பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறோமோ என்று தோன்றியது. ஊரில் வசதியுள்ளவர்கள் எல்லோரும் பிள்ளைகளைத் தூத்துக்குடிக்கும் பாளையங்கோட்டைக்கும் அனுப்பத்தான் செய்கிறார்கள். தீபாவளியை ஒட்டி ஒரு வாரம் பொன்னிலாவை அங்கே விட்டுப் பார்ப்பது, பிடித்துப்போனால் அரைப்பரீட்சை முடிந்ததும் சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

"அத்தை வீட்டுல இருந்து பெரிய ஸ்கூல்ல படிக்கியாட்டி?" என்று மகளிடம் கேட்டாள். பொன்னிலா, "சரிம்மா" என்றாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் நூறு கேள்வி கேட்கிற பிள்ளை அப்படிச் சொன்னது நெஞ்சில் சின்ன முள்ளாகக் குத்தியது. ஆனாலும் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு மூன்று பேரும் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். பண்டிகை முடிந்து மாரிராஜ் லோடுக்குத் திரும்பிவிட்டான். இசக்கிச்செல்வி இரண்டு நாள் தங்கி, யாரிடமும் அதிகம் சொல்லிக்கொள்ளாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். புருஷன் கோபப்படுவானே என்ற பயம் இருந்தது. கோபப்பட்டால் படட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

பெஞ்சு நிறைய ஆள்கள். கூப்பிடும்போது மத்தியானமாகிவிட்டது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பொன்னிலாவிடம் வெகுநேரம் பேசிவிட்டு, வெளியே உட்காரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார்.

"மழை வந்தா வீட்ல நீங்க என்ன பண்ணுவீங்க?"

அந்தக் கேள்வியை இசக்கிச்செல்வி எதிர்பார்க்கவில்லை. யோசித்துச் சொன்னாள். ரேஷன் கார்டையும் சர்டிபிகேட்டையும் பாலித்தீன் கவரில் சுற்றிப் பரணில் வைப்பேன். அரிசி மூட்டையைக் கட்டிலுக்கு மேலே ஏற்றுவேன். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

"பிள்ளைட்ட என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, நீ படின்னு சொல்லுவேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே அரிசியைக் கட்டில்ல ஏத்துனா, அவ எதை நம்புவா?" என்றார். பிறகு, வலி நிஜமான வலிதான், நடிப்பு இல்லை என்றார். வலி வந்ததும் உடனே வீட்டுக்கு அழைத்துப் போவது அந்த நேரத்துக்கு நிம்மதி, ஆனால் அடுத்த தடவை பயம் இன்னும் பெரிதாகும் என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தை மாற்றலாமா என்று கேட்டதற்கு, "அதை நான் முடிவு பண்ண முடியாதும்மா. எதைப் பத்திப் பயப்படுறான்னு மொதல்ல அவ வாயால வரட்டும். நீங்க பேசுறதைக் குறைச்சுக்கிட்டுக் கேளுங்க" என்றார். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் இசக்கிச்செல்வி ஊருக்குக் கிளம்ப வேண்டும். பொன்னிலாவை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். புத்திமதி சொல்ல வாய் துறுதுறுத்தது. அத்தை சொன்னபடி கேள், நன்றாகச் சாப்பிடு என்றெல்லாம் சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு பேசாமல் பின்னினாள். ஒரு சடை முடிந்து மறு சடைக்கு வகிடு எடுக்கும்போது பிள்ளையே பேசினாள்.

"எம்மா, இந்த வீட்டு மொட்டமாடில நின்னா நம்ம ஊரு தெரியுமா?"

"தெரியாதே."

"ஆறு?"

"அதுவும் தெரியாது."

"அப்ப தண்ணி வந்தா ஒனக்கு யாரும்மா சொல்லுவா?"

சீப்பு நின்றுவிட்டது.

"நீ கடையில குனிஞ்சு வளையல் எடுத்துக் குடுத்துட்டே இருப்ப. ஒனக்கு வெளிய தெரியாது. எனக்கு வயிறு வலிச்சா நீ வந்துருவல்லா? ரெண்டு வேரும் மாடிக்குப் போயிரலாம். இங்க இருந்தா எனக்கு வலிச்சாலும் அத்தைதான வருவாவ."

தனக்கு என்னவாகும் என்று அந்தப் பிள்ளை பயப்படவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அம்மாவைத் தண்ணீரிலிருந்து வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். 'அப்படியெல்லாம் ஒண்ணும் வராது' என்ற சொல் இசக்கிச்செல்வியின் நாக்குவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"எனக்காவத்தான் பயந்துட்டு இருந்தியா மக்ளே?"

பொன்னிலா தலையை ஆட்டினாள். பின்னாத சடை அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

சண்முகவடிவு இட்லி எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். இசக்கிச்செல்வி அவள் முன்னால் போய் நின்றாள்.

"மதினி, தப்பா நெனச்சிராதீங்க. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போவுதேன்."

"என்னம்மா இது? நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல மதினி. ஒங்களத் தவிர வேற யாரையும் நம்பி விட்டிருக்கவும் மாட்டேன். ஆனா இவ இங்க இருந்தா நெதமும் நான் செத்துட்டனோ பொழச்சனோன்னு நெனச்சிட்டேதான் படிப்பா. அந்தப் படிப்பு இப்ப வேண்டாம்."

சண்முகவடிவின் முகம் சுருங்கிப்போயிற்று. பஸ் ஏற்றிவிட அவள் வரவில்லை. ஆனால் இட்லியைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்துவிட்டாள்.

மாரிராஜ் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது பொன்னிலா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஆத்திரம் பொங்கிற்று.

"யாரக் கேட்டுக் கூட்டிட்டு வந்த? அக்கா போன்ல அழுவுதா. ஒரு நல்ல வழி வந்தா அதையும் கெடுக்கணுமா?"

"பிள்ளையக் கேட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"ஒம்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"எதுக்குப் பயப்படுதோம்னு தெரியும். எந்த ஸ்கூலுன்னு முடிவு பண்ண அவளுக்குத் தெரியாது. அத நான் பண்ணிட்டேன்."

அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. கோபத்தோடு வெளியே போய் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்துகொண்டான். சாயங்கால வெயில் வாழைச்சருகின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பொன்னிலா பைய வந்து பக்கத்தில் நின்றாள்.

"எப்பா, அன்னைக்கு மழையில நீ எங்க இருந்த?"

ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. மாரிராஜ் முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு அவளைத் தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தான். திருநெல்வேலிவரை வந்தது, அதற்குமேல் ரோடே இல்லாமல் போனது, ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்தது, போனை அடித்து அடித்துச் சார்ஜ் தீர்ந்தது, தண்ணீர் வடிய வடிய யார் யார் வண்டியிலோ ஏறியும் நடந்தும் வந்தது எல்லாம் சொன்னான்.

"பயந்தியாப்பா?"

"பயந்தேன். நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கீயளோன்னு வழியெல்லாம் அழுதுட்டுத்தான் வந்தேன்."

பொன்னிலா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, தான் மாடியில் இருந்த கதையைச் சொன்னாள். கஞ்சியில் உப்பு இல்லாதது, ஒரு பூனைக்குட்டி நீந்திவந்தது, பாலத்துச் சாலை அறுந்ததைக் கேட்டது எல்லாவற்றையும் கொட்டினாள். வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இசக்கிச்செல்வி அங்கே போகவில்லை. அவர்கள் இருவரும் பேசி முடிக்கட்டும் என்று உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அதன்பிறகு மாரிராஜ் பாளையங்கோட்டைப் பேச்சை எடுக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனதை இசக்கிச்செல்வி சொன்னபோதும் சத்தம் போடவில்லை. எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் மகளுக்குப் போன் போட்டு, "எப்பா இப்ப தென்காசியில டீ குடிக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் ஆள் குறைவான நேரம் பார்த்து இசக்கிச்செல்வி மகளை அங்கே அழைத்துப் போனாள். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற மாடிக்குப் படி இருந்தது. பொன்னிலா ஏறிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பெருமாள்ராஜ் அண்ணாச்சி கீழேயிருந்து, "என்ன ஆபீசரம்மா, இடம் புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"தாத்தா, இந்தக் கதவுச் சாவி யார்ட்ட இருக்கும்?"

"எங்கிட்டத்தான்."

"நீங்க கல்யாண வீட்டுக்குப் போயிட்டா?"

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார். மறுநாளே இன்னொரு சாவி செய்து இசக்கிச்செல்வியிடம் கொடுத்துவிட்டார்.

தண்ணீர் வராது என்று அவள் மகளிடம் சொல்லவில்லை. வந்தால் யார் எங்கே போவது என்று சொன்னாள். நான் கடை மாடி, நீ ஸ்கூல் மாடியில் டீச்சரோடு, அப்பா எங்கே இருக்கிறாரோ அங்கேயே. வடிந்ததும் மூன்று பேரும் ஆசியா உம்மாள் வீட்டு வாசலில். ரேஷன் கார்டை ஒரேயடியாகப் பரணிலேயே வைத்துவிட்டாள். மழை வரும்போதெல்லாம் பதறி அலைவது அதோடு பாதி குறைந்தது. மீதிப் பாதியைக் குறைத்துக்கொள்ள அவள்தான் பாடுபட வேண்டியிருந்தது.

ஃபெபி டீச்சரிடமும் பேசிவைத்தாள். மழை நாளில் பிள்ளை கேட்டால் இடைவேளையில் ஒரு தடவை அம்மாவோடு போனில் பேசலாம். ஆனால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். டீச்சர் தயங்கினாள். "அழுதா எனக்குத் தாங்காதுங்க." "எனக்குந்தான் டீச்சர்" என்றாள் இசக்கிச்செல்வி.

அடுத்த வாரமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. போன் வந்தது. மறுமுனையில் விசும்பல் மட்டும் கேட்டது.

"எம்மா கடையிலதான் இருக்கேன். தூத்தல் போடுது. ஆத்துல தண்ணி கீழதான் போவுது, அண்ணாச்சி பாத்துட்டு வந்தாவ. மாடிக்கதவு தொறந்து கெடக்கு. ஸ்கூல் விடும்போது வாசல்ல நிப்பேன்."

"வயிறு வலிக்கும்மா."

"வலிக்கும். டீச்சர் பக்கத்துல போய் உக்காந்துக்கோ. எம்மா வருவேன்."

போனை வைத்தாள். ஓடிப்போய்த் தூக்கிவந்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. அண்ணாச்சிகூட, "போயிட்டு வாயேம்மா, கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவள் போகவில்லை. வளையல் பெட்டிகளை எல்லாம் இறக்கித் துடைத்தாள். துடைத்த பெட்டிகளையே மறுபடியும் துடைத்தாள். சாயங்காலம் பள்ளி வாசலில் பொன்னிலா வீங்கிய கண்களோடு வந்தாள். "டீச்சர் எனக்கு அவங்க ஸ்டூலக் குடுத்தாங்க" என்றாள்.

ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. ஒருநாள் இடி விழுந்தபோது இசக்கிச்செல்வியே பொறுக்கமாட்டாமல் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்க் கூட்டிவந்துவிட்டாள். அடுத்த இரண்டு மழைக்கும் வலி முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். டாக்டரம்மாவிடம் இன்னும் சில தடவை போனார்கள். ஒரு தடவை மாரிராஜும் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சண்முகவடிவு பொங்கலுக்கு வந்தாள். கொஞ்சநேரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள், பொன்னிலா கதை சொல்ல ஆரம்பித்ததும் சிரித்துவிட்டாள். கோடை லீவு முழுக்க மருமகள் தன்னிடம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு மாதம் பொன்னிலா சந்தோஷமாகவே அங்கே இருந்துவிட்டு வந்தாள்.

பொன்னிலா இப்போது ஐந்தாம் வகுப்பு. இந்த ஐப்பசியில் ஒருநாள் காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. இடைவேளை நேரம் வந்தது. இசக்கிச்செல்வி போனைக் கண்ணாடிப் பெட்டியின் மேலேயே வைத்திருந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது, போன் வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். டவர் இருக்கிறதா என்று பார்த்தாள். கடைசியில் அவளே டீச்சரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"பொன்னிலாவா? குழந்தைகள் தினத்துக்கு டான்ஸ் பழகிட்டு இருக்காங்க. சத்தம் கேக்குதா? கூப்பிடட்டா?"

பின்னால் பிள்ளைகளின் கூச்சலும் யாரோ கைதட்டித் தாளம் போடுவதும் கேட்டது.

"வேண்டாம் டீச்சர். ஆடட்டும்."

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றாள். பொன்னிலா கூட்டாளி அஸீலாவின் குடைக்குள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினாள்.

"நீ எதுக்கும்மா மழையில வந்த? நாங்க ரெண்டு வேரும் வந்துருவோம்லா."

சொல்லிவிட்டு இருவரும் தேங்கிக்கிடந்த தண்ணீரில் வேண்டுமென்றே மிதித்துக்கொண்டு முன்னால் போனார்கள். பாவாடை ஓரமெல்லாம் செம்மண். துவைத்தால் நாளைக்குள் காயாதே என்று இசக்கிச்செல்வி பின்னாலிருந்து கத்தினாள். அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. குடையை விரித்துக்கொண்டு அவள் பைய நடந்தாள்.